நாலில் ஒன்று

பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை யாருடைய குரோமோசோம் தீர்மானிக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். தந்தையின் விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். ஆகவே தந்தையுடையது. ஒரு மதிப்பெண்.

மதுரைக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையின் சுங்கச்சாவடியும் சிட்கோ தொழிற்பேட்டையும் தியாகராசர் மில்லும் இருக்கிற கப்பலூரிலும் பள்ளிப் பிள்ளைகள் இதே பதிலைத்தான் படிக்கிறார்கள். அங்கிருந்து திருமங்கலம் போய் மேற்கே திரும்பினால் உசிலம்பட்டி. 1986-ல் இந்தியா டுடே இதழ் அந்த வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையை விரிவாக எழுதியபோது நாடே அதிர்ந்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994-ல் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். "பொட்டப்புள்ளையாப் பெத்துப் போட்டா" என்ற ஏச்சைக் கேட்டவள் எப்போதும் தாய்தான். குரோமோசோம் பற்றித் தெரியாததால் மட்டும் அந்தக் கொடுமை நடந்ததாக யாரும் சொல்ல முடியாது. வரதட்சணையும் வறுமையும் சொத்துரிமையும் சேர்ந்து நடத்தியது அது. ஆனால் ஏச்சு தாய் மேல் மட்டும் விழுந்ததற்கு ஒரு பொய்யான உயிரியல் துணை நின்றது. அந்தப் பொய்யைத் தகர்க்கும் உண்மை பல ஆண்டுகளாக ஒரு மதிப்பெண் கேள்வியாகத் தேர்வுத்தாளில் வந்துபோகிறது. அதற்குச் சரியாக விடை எழுதிய பையன், வீட்டில் அண்ணிக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது எழுந்த பேச்சுக்கு மறுபேச்சுப் பேசினானா என்று எந்தத் தேர்வும் கேட்டதில்லை.

மனித உடல், செல், மரபணு பற்றிய பொது அறிவை அளக்க உலகம் முழுவதும் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. எதை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள் என்று பார்ப்பது நமக்கு அவசியம். உயிரியல் கேள்விக்குச் சொல்லும் விடையால் ஒரு பிள்ளையின் எதிர்காலமே முடிவாகிற மாநிலம் இது.

பொதுமக்களிடம் கேள்வி கேட்டு அறிவியல் அறிவை அளக்கும் முறையை அமெரிக்காவில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தவர் ஜான் மில்லர். 1988-ல் ஜான் டியூரன்ட் குழுவினர் பிரிட்டனிலும் அதே பாணியில் கேட்டார்கள். மறு ஆண்டு நேச்சர் இதழில் வெளியான முடிவு பலரை வெட்கப்பட வைத்தது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸைக் கொல்லாது என்று சரியாகச் சொன்னவர்கள் இரு நாடுகளிலும் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழந்தையின் பாலினத்தைத் தந்தையின் மரபணுதான் முடிவு செய்கிறது, சரியா தவறா என்ற கேள்வியும் அமெரிக்கக் கணக்கெடுப்பில் உண்டு. சுமார் பத்துக்கு ஆறு பேர் சரியாகச் சொன்னார்கள், அதிலும் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக. ஐரோப்பியக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி புகழ்பெற்றது: சாதாரணத் தக்காளியில் மரபணு கிடையாது, மரபணு மாற்றிய தக்காளியில்தான் உண்டு, சரியா தவறா? 1990-களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுகள் கேட்டும் பாதிப் பேர்கூட அதைத் தவறென்று அடையாளம் காணவில்லை. நாம் உண்ணும் ஒவ்வொரு காயிலும், ஒவ்வொரு செல்லிலும் மரபணு இருக்கிறது என்பதே அவர்களை எட்டவில்லை.

நம் நாட்டில் ஆய்வாளர் கௌஹர் ரஸா குழுவினர் அலகாபாத் கும்பமேளாவுக்கு வந்த மக்களிடமே போய்க் கேட்டார்கள். அவர்கள் முன்வைத்த கருத்து இன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஓர் அறிவியல் செய்திக்கும் மக்களின் அன்றாட வாழ்வுக்கும் நடுவே ஒரு பண்பாட்டுத் தொலைவு இருக்கிறது, அந்தத் தொலைவு கூடக் கூட அதை ஏற்றுக்கொள்ளக் கூடுதல் பள்ளிப்படிப்பு தேவைப்படுகிறது. மரபியலை இந்த அளவுகோலில் எங்கே வைப்பது? பெண் பார்ப்பதிலும் மாப்பிள்ளை பார்ப்பதிலும் "வம்சத்துல ஏதாச்சும் இருக்கா" என்று விசாரிக்கிற சமூகத்துக்கு அது தொலைவில் இருக்க நியாயமில்லை. பாடமாக வரும்போதுதான் தொலைவாகிறது. பட்டாணிச் செடியில் தொடங்கி பட்டாணிச் செடியிலேயே முடிந்துவிடுகிற பாடம் அது.

தேர்வு அறைக்கு வருவோம். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 90 கேள்வியும் 360 மதிப்பெண்ணும், தாவரவியலும் விலங்கியலும்தான். சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் நாலில் ஒரு தடவை 4 கிடைக்கும், மூன்று தடவை ஒவ்வொன்று போகும். சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். ஒரு விடையை மட்டும் விலக்கத் தெரிந்துவிட்டால் அந்த லாபம் முக்கால் மதிப்பெண்ணை நெருங்கும். பயிற்சி மையங்கள் இந்த விலக்கும் வித்தையைத்தான் இரவு பகலாகப் பழக்குகின்றன. அது ஒரு திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் மைட்டோகாண்ட்ரியா செல்லின் எந்த வேலையைச் செய்கிறது என்று புரிந்த பிள்ளையும், 'ஆற்றல்' என்ற சொல்லை மட்டும் தேடிப் பிடிக்கிற பிள்ளையும் அந்த விடைத்தாளில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

2018-ல் நடந்ததை மதுரை மறந்திருக்காது. அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை இருந்ததாக மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். ஜூலையில் நீதிமன்றம், தமிழில் எழுதிய சுமார் 24,000 பேருக்கும் கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, நவம்பரில் ரத்து செய்தது. எல்லோருக்கும் 196 கொடுப்பது சரியான நிவாரணமா என்பதில் எனக்கும் ஐயமுண்டு. ஆனால் வினாத்தாளில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் பிழை என்ற புகார் எழுந்த தேர்வு, பிள்ளையின் உயிரியல் அறிவை அளந்தது என்று எந்த நெஞ்சுறுதியோடு சொல்வது?

மாநிலப் பாடத்திட்டம் இதைவிட மேலா என்றால், அதற்கும் ஓர் அளவீடு உண்டு. 15 வயது மாணவர்கள் படித்ததை வாழ்க்கைச் சூழலில் பயன்படுத்துகிறார்களா என்று சோதிக்கும் சர்வதேசத் தேர்வான பிசாவில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2010-ல் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. அடிப்படை நிலையை எட்டியவர்கள் 100-க்கு 16 பேர். அதற்குப் பிந்தைய சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. கேள்விகள் அந்நியச் சூழலில் அமைந்தவை, நம் பிள்ளைகளுக்கு அந்த மாதிரித் தேர்வே பழக்கமில்லை என்று காரணம் சொன்னார்கள். பாதி உண்மை. ஆண்டு முழுவதும் பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டுமே கேட்டுவிட்டு, புதிதாக ஒன்று கேட்டால் பழக்கமில்லை என்பது மீதிப் பாதி. 2018-லிருந்து வந்த புதிய பாடநூல்கள் உள்ளடக்கத்தில் நிச்சயமாக மேலானவை. கேள்வி கேட்கும் முறை அந்த அளவுக்கு மாறவில்லை.

'சரியான விடை' என்பதே எவ்வளவு உறுதியானது என்றும் பார்க்க வேண்டும். மனித செல்லில் 46 குரோமோசோம் என்பது இன்று குழந்தைக்கும் தெரியும். 1923-ல் தியோஃபிலஸ் பெயின்டர் 48 என்று எண்ணிச் சொன்னார். ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் 46 என்று 1956-ல் நிறுவும் வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உலகம் முழுவதும் 48 என்று எழுதினால்தான் மதிப்பெண். மனித மரபணுக்கள் ஒரு லட்சம் இருக்கும் என்று ஒருகாலத்தில் மதிப்பிட்டார்கள். இன்று புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. இவை எண்ணிக்கைத் திருத்தங்கள், போகட்டும்.

நாக்கைக் குழல்போலச் சுருட்டும் திறன் கதை வேறு. அது ஒரே மரபணுவின் ஓங்கு பண்பு என்று 1940-ல் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் எழுதினார். 1952-ல் பிலிப் மாட்லாக் 33 ஜோடி ஒத்த இரட்டையரைச் சோதித்தபோது, 7 ஜோடிகளில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணுத் தொகுதி கொண்டவர்களில் இப்படி வந்தால் பழைய விளக்கம் நிற்காது. ஸ்டர்ட்டிவன்ட்டே பின்னாளில் தன் கூற்றைக் கைவிட்டு, அது இன்னும் பாடநூல்களில் இருப்பதற்கு வருந்தினார். இன்றும் பல வகுப்பறைகளில் பிள்ளைகளை நாக்கைச் சுருட்டச் சொல்லி அட்டவணை போடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் சுருட்ட முடியாத வீட்டில் மகள் சுருட்டினால், அந்த அட்டவணை என்ன சந்தேகத்தைக் கிளப்பும் என்று ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். குருதி வகையும் அப்படித்தான். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த 'பம்பாய் வகை' உள்ளவர் வழக்கமான சோதனையில் ஓ வகையாகத் தெரிவார், ஆனால் ஏ அல்லது பி மரபணுவைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடும். பெற்றோரில் ஒருவர் ஓ வகை என்றால் ஏபி வகைப் பிள்ளை பிறக்கவே முடியாது என்று அடித்துச் சொல்கிற விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிற தேர்வு, ஒரு குடும்பத்தைப் பிரிக்கவும் கூடும்.

செல் பற்றிய அறிவிலும் இதே நிலைதான். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 முதல் 16 வயதுக்குட்பட்ட 482 மாணவர்களிடம் உயிரி, செல், உட்கரு, குரோமோசோம், மரபணு, டிஎன்ஏ ஆகியவற்றை அளவு வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் தடுமாறினார்கள். கண்ணின் செல்லில் கண்ணுக்குரிய மரபணுக்கள் மட்டுமே இருக்கும் என்று நம்பியவர்கள் நிறையப் பேர். எல்லா உடல் செல்லிலும் ஒரே தொகுதிதான், எந்த மரபணு இயங்குகிறது என்பதில்தான் வேறுபாடு என்ற அடிப்படையே பதியவில்லை. அவர்களில் யாரும் ஒரு மதிப்பெண் கேள்விகளில் தோற்றவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

இனி நம் வீட்டுக் கணக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமான திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. பெரிய மாநிலங்களில் இதுவே மிகுதி. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும், மாமன் மகளுக்கு அத்தை மகன் உரிமை கொண்டாடுவதும் மதுரைச் சீமையின் பல சமூகங்களில் முறை. "தெரிஞ்ச எடம், பிள்ளை கண்ணு முன்னால இருக்கும்" என்பதில் உண்மையான பாசமும் பாதுகாப்பும் இருக்கின்றன. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஏளனம் செய்கிற மேடைப் பேச்சு எனக்கு ஒப்பாது. கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது, மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் எட்டில் ஒரு பங்கு. ஒடுங்கு மரபணுவால் வரும் நோய்க்கு இருவரிடமும் ஒரே பழுது இருந்தாக வேண்டும். இருவரும் நலமாக இருந்துகொண்டே கடத்துபவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு.

இந்த 'ஒவ்வொரு' என்ற இடத்தில்தான் கற்ற கல்வி கைவிடுகிறது. மூத்த பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. "நாலுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னாரு, அது இவனோட போச்சு, இனி மூணுக்கு ஒண்ணும் வராது" என்று நம்புகிறவர்கள் உண்டு. ஒருபண்புக் கலப்பின் கட்டத்தை நிரப்பி 3:1 என்று அடிக்கோடிட்டு எழுதியவர்களும் அப்படி நம்பக்கூடும். கட்டத்தை நிரப்பத் தெரிவதும், ஒவ்வொரு கருவும் புதிதாக அதே நாலில் ஒன்றைச் சந்திக்கிறது என்று உணர்வதும் ஒரே கேள்வியால் சோதிக்கப்படுவதில்லை. முதலாவது நூறு முறை கேட்கப்படுகிறது. இரண்டாவது கேட்கப்படுவதே அரிது.

அறிவியலாளர்களுக்கே இந்தப் பொருள் நேர்க்கோடாக இருந்ததில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970-களில் தமிழ்நாட்டில் பெரிய அளவில் ஆராய்ந்தபோது, உறவுத் திருமணத்தால் குழந்தைப்பேற்றில் எதிர்பார்த்த அளவு பாதிப்புத் தெரியவில்லை. பல தலைமுறைகளாக உறவுக்குள் மணந்ததால் கொடிய பழுதுகள் வடிகட்டப்பட்டிருக்கலாம் என்று எல்.டி. சங்வி முன்பே விளக்கம் சொல்லியிருந்தார். மறுபக்கம், காது கேளாமையும் சில விழித்திரை நோய்களும் உறவுக்குள் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாக இருப்பதை மருத்துவமனைகள் தொடர்ந்து காண்கின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு நிறுவனம் பரம்பரைக் கண் நோய்களின் மரபணுக்களை ஆராய்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஊர்ச் சராசரியில் கரைந்துபோகிற ஆபத்து ஒரு குறிப்பிட்ட குடும்பத்தில் மலையாக நிற்கும். இரண்டு செய்திகளும் சேர்ந்தே உண்மை. சரியா தவறா என்று டிக் அடிக்கும் தேர்வில் இதற்கு இடமில்லை.

இன்னொரு அடுக்கும் உண்டு. 2017-ல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டது. அவற்றில் 80-க்கும் மேற்பட்டவை, சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகிய விளைவில் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் மிஞ்சின. காரணம், சொந்த சாதிக்குள்ளேயே பல நூற்றாண்டுகளாக மணம் முடித்தது. "நாங்க சொந்தத்துல கட்டல, அசல்லதான்" என்று ஆறுதல் கொள்பவர்களின் 'அசல்' பெரும்பாலும் அதே சாதிக்குள்தான் இருக்கிறது. வைசியர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்து நெடுநேரம் விடுபடாமல் மூச்சைத் தடுப்பதை மயக்க மருத்துவர்கள் அறிவார்கள். அது இப்படிப் பரவிய ஒரு மரபணுப் பழுதின் விளைவு. சாதியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். உயிரியல் வினாத்தாளில் இந்தக் கோணம் ஒரு தடவை வந்தால் போதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மதுரைப் பக்கத்து மக்களின் மரபியல் அறிவுக்கு எதிர்பாராத ஒரு பொதுத்தேர்வும் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் உசிலம்பட்டி வட்டாரத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எடுத்த ரத்த மாதிரிகளில், எம்130 என்ற குறியீடு ஓர் இளைஞரின் ஒய் குரோமோசோமில் கிடைத்தது. மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் வழங்கிய மனிதப் பயணம் பற்றிய ஆவணப்படத்தால் 2003 வாக்கில் அது உலகச் செய்தி ஆனது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த தொடக்கக் குடியேற்றத்தின் தடயம் அது என்பது ஆய்வின் கூற்று. ஊரில் அது "இந்தியாவின் முதல் மனிதன் நம்ம ஊர்க்காரர்" என்று ஆகிவிட்டது. ஒய் குரோமோசோம் தந்தை, தந்தையின் தந்தை என்று ஒரே கோட்டில் வருவது. பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் பேசுவது அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும். அந்த எம்130 வழி மங்கோலியர்களிடமும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இருக்கிறது. அந்தப் பெருமிதத்தில் எனக்கு வருத்தமில்லை. அதே ஊர்ப் பெண்களுக்கு ஒய் குரோமோசோமே இல்லையே, அவர்கள் யார் வழி வந்தவர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால், பாடப்புத்தகத்தின் பாதி மரபியல் அந்த ஒரு கேள்வியில் தெளிவாகியிருக்கும்.

இந்தக் குறையை உணர்ந்த ஆய்வாளர்கள் வேறுவகைக் கேள்விகளை உருவாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2008-ல் வெளியான மரபியல் கருத்து மதிப்பீட்டில் 25 கேள்விகள் உண்டு. அவற்றில் தவறான விடைகள் சும்மா நிரப்பப்பட்டவை அல்ல. மாணவர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் உண்மையில் நம்பும் தவறுகளையே விடைகளாக வைத்தார்கள். அதனால் ஒரு பிள்ளை தவறும்போது எங்கே தவறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். பாடம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அதே கேள்விகளைக் கேட்பார்கள். தமிழில் அப்படி ஒன்றைச் செய்ய வேண்டுமானால் மொழிபெயர்ப்பு உதவாது. நம் மக்கள் நம்பும் தவறுகளை நம் ஊர்களில்தான் சேகரிக்க வேண்டும்: திருமங்கலம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் வரிசையில், கப்பலூர் மில் வேன்களில், கல்யாணத் தரகர்களிடம், கிராம சுகாதாரச் செவிலியர்களிடம்.

அப்படி ஒரு கேள்வி இப்படி இருக்கலாம். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைத் தாய்மாமனுக்குப் பேசுகிறார்கள். பெண்ணின் அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பெற்றோருக்கும் பெண்ணுக்கும் மாமனுக்கும் நன்றாகக் கேட்கும். இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போக எவ்வளவு வாய்ப்பு? ஒடுங்கு மரபணுதான் காரணம் என்றால் பெற்றோர் இருவரும் கடத்துபவர்கள். பெண் கடத்துபவளாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, அம்மாவின் தம்பியான மாமனுக்குப் பாதி, பிள்ளைக்கு நாலில் ஒன்று. பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. அந்த மரபணுவை ஐம்பதில் ஒருவர் கடத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், உறவில்லாத ஒருவரைக் கட்டும்போது அது முந்நூறில் ஒன்றாகக் குறையும். இந்தக் கணக்கைப் போட்டவருக்கு முழு மதிப்பெண் தரலாம். பிறவிக் காது கேளாமை கர்ப்பத்தில் வரும் ருபெல்லாவாலும் பிறந்தவுடன் முற்றிய மஞ்சள் காமாலையாலும்கூட வரும், முதலில் அண்ணனுக்கு எதனால் வந்தது என்று பரிசோதித்தார்களா என்று திருப்பிக் கேட்கிற பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகத் தர வேண்டும்.